அந்தக் கிணற்றுக்குள் ஒருவரும் இல்லை

ஆகஸ்ட் 4, திங்கள்

சோளகக் காற்று நிற்கவில்லை. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் மறுபடி புழுதி. பள்ளிக்கூட விடுமுறை. விடைத்தாள் எல்லாம் திருத்திக் கொடுத்தாயிற்று. இனி ஊர் விக்கிக்கு (எங்கள் ஊரைப்பற்றி நாங்களே எழுதும் இணையக் களஞ்சியம்) நேரம் ஒதுக்கலாம்.

செய்ய வேண்டியவை:
உறவிலிப் பக்கங்கள் (வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் தொடுப்பு இல்லாமல் மூலையில் கிடப்பவை).
நீக்கல் வேண்டுகோள்கள். எழுதக் கை வலிக்கும், இனி நீ.வே.
வீட்டுக்கார றூத் அன்ரிக்குக் கண்மருந்து.
தையல்காரியோடு ஒரு சண்டை.

எங்கள் ஊர் மயிலிட்டிக்குப் பக்கத்தில். சண்டையில் ஊர் எழும்பி எல்லோரும் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. காணிகள் ஆமியிடமிருந்து திரும்பக் கிடைத்தபோது வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை, கிணறுகள் மட்டும் இருந்தன. அவரவர் கிணற்றை வைத்துத்தான் அவரவர் காணியைக் கண்டுபிடித்தார்கள். அதனால் கனடாவிலிருக்கும் குமணன் அண்ணை (கு.அ.) விக்கியைத் தொடங்கியபோது கிணற்றிலிருந்து தொடங்கினார். கிணற்றுக்கு ஒரு பக்கம், அதோடு தொடுத்து வீட்டுக்கு ஒன்று, அதோடு தொடுத்து ஆட்களுக்கு. ஆட்கள் என்றால் இறந்தவர்கள் மட்டும். உயிரோடிருப்பவர்களுக்குப் பக்கம் போட்டால் யார் யாரைப்பற்றி என்ன எழுதியது என்று அடிபிடிதான். நிர்வாகிகள் கு.அ. ஒன்று, நான் ஒன்று. இருவரும் சம்மதித்தால்தான் ஒரு பக்கத்தை நீக்கலாம்.

உறவிலிகளில் முக்கால்வாசி குப்பை. "சோதனை." "சோதனை 2." யாரோ ஒருவர் தன் ஆட்டுக்கு ஒரு பக்கம். ஒன்று மட்டும் கையைப் பிடித்து நிறுத்தியது. தலைப்பு: பவளம். படம் இல்லை. நாலு வரி. சந்தனத்தார் வளவு மருமகள். ஒரு மகள். "ஊர் எழும்பிய அன்று வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்தார். செருப்பு கிணற்றுக்கட்டில் இருந்தது. உடல் எடுக்கப்படவில்லை." எழுதியவர் மகள் சுகந்தி, இப்போது நீர்வேலியில். தொடுப்புக் கொடுக்கத் தெரியவில்லை போலும், பாவம். சந்தனத்தார் வளவுப் பக்கத்தோடு தொடுத்துவிட்டேன்.

இரவு புட்டும் கத்தரிக்காய்க் கறியும். வழக்கம்போல அன்றைய விக்கி வேலையை அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். ஆட்டுப் பக்கத்துக்குச் சிரித்தார். பவளத்தின் பக்கம் வாசித்தபோது பாதிப் புட்டோடு எழும்பிவிட்டார். வயிறு சரியில்லையாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பவளத்துக்குக் கொடுத்த தொடுப்பைக் காணவில்லை. யாரோ புகுபதிகை செய்யாமல் வந்து எடுத்திருக்கிறார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இணைய இணைப்பின் இலக்கம் மட்டும். கூடவே ஒரு நீ.வே.: "பிழையான பக்கம். நீக்கவும்."

காரணம் எழுதத் தெரியாத சனியன்கள். தொடுப்பைத் திரும்பப் போட்டேன். பின்னேரம் பார்த்தால் மறுபடி இல்லை. மறுபடி போட்டேன். போட்டுவிட்டுத் தேத்தண்ணி எடுத்து வருவதற்குள் இல்லை. அங்கே யாரோ முழித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

தையல்காரி கை அளவைப் பிழையாக வெட்டிவிட்டு என் கைதான் மெலிந்துவிட்டது என்கிறாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சுகந்தி அக்காவோடு போனில் கதைத்தேன். தோட்டத்தில் நின்று கதைத்தார். வாழை இலைச் சத்தம் பேச்சை விடப் பலமாகக் கேட்டது. தொடுப்பை எடுப்பது அவர் இல்லை. நீ.வே. என்றால் என்ன என்றே தெரியாது.

அவர் சொன்னது: அன்றைக்கு அவருக்கு ஆறு வயது. ஷெல் விழத் தொடங்கியதும் மாமி அவரைத் தூக்கி ட்ராக்டரில் ஏற்றிவிட்டார். அம்மா பின்னால் வருவா என்றார்கள். வரவில்லை. அப்பா திரும்பிப் போய்ப் பார்த்தபோது கிணற்றுக்கட்டில் செருப்பு. கிணற்றுக்குள் பார்க்க நேரமில்லை, விட்டுவிட்டு ஓடிவந்தார். அடுத்த நாள் ஊருக்குள் யாரும் போக முடியவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடமும் அந்தக் கிணறு கம்பி வேலிக்குள். இவர்கள் வன்னி, இந்தியா என்று அலைந்து, அப்பா அங்கேயே செத்து, இவர் மட்டும் நீர்வேலிக்கு மருமகளாக வந்தார்.

பிறகு கேட்டார், "ரீச்சர், சித்திரைப் பறுவ விரதம் தாய் இல்லாத ஆக்கள்தானே பிடிக்கிறவை? நான் ஒரு வருசம் பிடிப்பன், ஒரு வருசம் விடுவன். பிடிச்சா, உயிரோடை இருக்கிறாவைச் சாகடிக்கிற மாதிரிக் கிடக்கும். விட்டா, செத்தவவைப் பட்டினி போட்ட மாதிரிக் கிடக்கும்."

அம்மா செத்த வருடத்திலிருந்து நானும் அந்த விரதம் பிடிக்கிறேன். ஒரு யோசனையும் இல்லாமல் பிடிக்கிறேன்.

காணி போன மாதம்தான் அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. அடுத்த வியாழன் கிணற்றை இறைத்துப் பார்க்கப் போகிறார்களாம். எலும்பு கிடைத்தால் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. என்னையும் வந்து கிணற்றைப் படம் எடுக்கச் சொன்னார். சரி என்றேன்.

கு.அ.வுக்கு ஹோலில் இருந்து போன் எடுத்துச் சொன்னேன். பவளத்தின் பக்கத்தைப் பூட்டிவிட்டு கிணற்றுப் பக்கத்தோடும் தொடுக்கிறேன், இறைக்கிற படமும் போடலாம் என்றேன். அவர் ஓம் ஓம் என்றார். போனை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தால் உரையாடல் பக்கத்தில் புதிதாக இரண்டு வரி.

"கிணற்றோடு தொடுக்க வேண்டாம். அந்தக் கிணற்றுக்குள் ஒருவரும் இல்லை."

கிணற்றோடு தொடுக்கப் போவதை நான் எங்கும் எழுதவில்லை. வாயால் சொன்னேன், அதுவும் இப்போதுதான். எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன். எதற்கு யன்னலைச் சாத்தினேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பக்கத்தைப் பூட்டியாயிற்று. உரையாடல் பக்கம் திறந்துதான் இருக்கிறது. இன்று காலை அங்கே:

"தயவுசெய்து இறைக்க வேண்டாம். பிள்ளை பயந்துவிடும்."

பிள்ளை! நாற்பது தாண்டிய மனுசி. பெரிய மகன் கம்பஸில் படிக்கிறான்.

கு.அ. ஊரில் பழைய காணிச் சண்டைக்காரர் யாரோ என்கிறார். காணிச் சண்டைக்காரன் "தயவுசெய்து" என்று எழுதுவானா? கேட்டேன். அதற்குப் பதிலாக அங்கே பனி, இங்கே வெயிலா என்று பேச்சை மாற்றினார். ஆகஸ்டில் கனடாவில் என்ன பனி. அவருக்கும் பயம்தான்.

எனக்கு நல்ல பயம். குளிக்கக் கிணற்றடிக்குப் போகாமல் குழாயில் குளித்தேன். வாளியைக் கிணற்றில் விட மனம் வரவில்லை. மற்றவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிற ஆள் நான்.

அன்ரி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆசுப்பத்திரிக்குப் போவோமா என்றேன். வேண்டாம் என்றார். கண்மருந்தை மட்டும் விடச் சொன்னார். மருந்து எது கண்ணீர் எது என்று தெரியாமல் வடிந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வேறொரு கிணற்றுப் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை திருத்தினேன். புகுபதிகை செய்ய மறந்துவிட்டேன். சேமித்த பிறகு வரலாற்றைப் பார்த்தால் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இலக்கம். அந்த இலக்கம் எனக்குப் பாடம். ஒரு கிழமையாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பவளத்தின் தொடுப்பை எடுத்த இலக்கம். கிணற்றுக்குள் ஒருவரும் இல்லை என்று எழுதிய இலக்கம்.

எங்கள் வீட்டு இலக்கம்.

கு.அ.வும் பார்த்துவிட்டார். உடனே போன். "வாசுகி, கோவியாதையும். நீர்தானோ உதுகளை எழுதிறீர்? உமக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ?" அவரை ஏசிப்போட்டு வைத்தேன். வைத்த பிறகு எனக்கே சந்தேகம். நித்திரையில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், நித்திரையில் எழுதுகிறவர்களும் இருக்கலாம். என் போன், கணினி, எல்லாம் தேடினேன். நான் எழுதிய தடயம் ஒன்றும் இல்லை.

இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். முன்னறை வாடகைக்கு எனக்கு, மற்றதெல்லாம் அன்ரிக்கு. இங்கே உடுவிலில் அன்ரியின் பெயர் சொன்னால் தெரியும், செத்துப்போன பாடசாலை மாஸ்ரரின் மனைவி, பிள்ளைகள் இல்லை, ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலில் மூன்றாவது வாங்கில் இருக்கிறவர். மாஸ்ரரின் தங்கை மகன் லண்டனிலிருந்து அனுப்பிய ரப் (தட்டைக் கணினி) ஒன்று அவரிடம் இருக்கிறது. பிரசங்கம் பார்க்கத்தான். ஆனால் போன வருடம் விக்கியில் எழுத்துப்பிழை பார்க்க உதவட்டும் என்று திருத்துவது எப்படி என்று பழக்கிக் கொடுத்தவள் ஒரு விசரி. அது நான்.

மெதுவாக ஹோல் வாசலில் போய் நின்றேன். அன்ரி எனக்கு முதுகு காட்டிச் சாய்மனைக் கதிரையில். மடியில் ரப். ஒற்றை விரலால் தட்டுகிறார். நான் சத்தம் போடவில்லை. மூச்சுக்கூட விடவில்லை. அவருக்கு ஒரு காது கேட்காது. ஆனாலும் விரல் நின்றது. திரும்பாமலே கேட்டார்.

"வியாழக்கிழமை நிச்சயமா இறைக்கினமோ, வாசுகி?"

நான் என் அறைக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஐந்து வருடமாக இந்த மனுசியோடு ஒரு சட்டியில் சாப்பிடுகிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அன்ரிதான் கதவைத் தட்டினார். கையில் பேணியில் தேத்தண்ணி. கட்டில் நுனியில் இருந்தார்.

"செருப்பைக் கழட்டி வைச்சது நான்தான்" என்றார்.

மிச்சமெல்லாம் சந்தைக்குப் போய்வந்த கதை சொல்கிற குரலில் சொன்னார். புருஷன் அடிக்கிற ஆள். அந்தக் கேளாத காது அவர் கொடுத்தது. அன்றைக்கு மகளை அவளுடைய மாமி கொண்டு போய்விட்டார், புருஷன் ஆட்களை ஏற்றிவிடப் போயிருந்தார், வீட்டில் இவர் தனியே. கிணற்றடிக்குப் போனது விழத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்திருக்கிறார். தண்ணீரில் தன் முகம் தெரிந்ததாம். ஷெல் அதிர்வில் அது ஆடிக்கொண்டே இருந்ததாம்.

"பேந்து செருப்பை அதிலையே விட்டிட்டு மற்றப் பக்கத்தாலை நடந்தன். பவளம் விழுந்திட்டாள் எண்டுதான் நினைச்சுக்கொண்டு நடந்தனான். இண்டைக்கு வரைக்கும் அப்பிடித்தான்."

போய்ச் சேர்ந்தது திருச்சபை நடத்திய ஒரு பெண்கள் விடுதி. அங்கே ஞானஸ்நானம், புதுப் பெயர். பிறகு மாஸ்ரர். மாஸ்ரருக்கும் தெரியாது. மகள் இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்று ஒருமுறை கேள்விப்பட்டாராம். "தேடினன் எண்டு பொய் சொல்ல மாட்டன்" என்றார். போன திங்கள் நான் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு வாசித்த நாலு வரியில்தான் மகள் நீர்வேலியில் இருப்பது தெரிந்திருக்கிறது. அரை மணித்தியால பஸ்.

எனக்கு ஆத்திரம் வந்தது. இரக்கமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் வாயில் என்ன வரும்? யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று என் தலையில் கை வைத்து வாக்கு வாங்கினார். கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது.

இறைப்பதை எப்படியாவது நிறுத்தச் சொன்னார். என்ன சொல்லி நிறுத்த? உள்ளே ஒருவரும் இல்லை என்றா?

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையிலேயே வெயில். பஸ், பிறகு ஓட்டோ.

சந்தனத்தார் வளவு வெறும் பற்றை. நடுவில் கிணறு. கட்டு ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. தண்ணீர் பச்சை. சுகந்தி அக்கா வெள்ளைச் சீலையோடு வந்திருந்தார். ஒரு புதுப் பானை, அதன் வாயைக் கட்ட வெள்ளைத் துணி, கொஞ்சம் பூ. எலும்பு வைப்பதற்கு. அவருடைய கணவர் இரண்டு வோட்டர் பம்ப் போட்டார்.

தண்ணீர் இறங்க இறங்க எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள், தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அதைவிடக் கேவலமான வேலை என் சீவியத்தில் செய்ததில்லை. ஒரு கட்டத்தில் நானும் பயந்தேன். அன்ரி பொய் சொல்லியிருந்தால்? உள்ளே உண்மையாகவே பவளம் கிடந்தால், வீட்டில் என்னோடு இருப்பது யார்?

வந்தவை: இரண்டு ரயர், வாளி ஒன்று, துலா மரத்தில் ஒரு துண்டு, அம்மிக்குழவி, சேறு. கணவர் இறங்கிச் சேற்றைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். "ஒண்டுமில்லையப்பா" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. கிணறு அதைத் திருப்பிச் சொன்னது.

சுகந்தி அக்கா அழுவார் என்று நினைத்தேன். பானையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் இருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. என் கையைப் பிடித்து, "அம்மா இதுக்குள்ளை இல்லை ரீச்சர், அம்மா விழேல்லை" என்றார். கை சுட்டது.

படம் எடுத்தேன். இன்னும் ஏற்றவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விக்கியில் இன்று.

காலை. புதிய நீ.வே., கையொப்பம் சுகந்தி: "அம்மா இறந்ததற்கு அத்தாட்சி இல்லை. உயிரோடிருப்பவர்களுக்குப் பக்கம் இல்லை என்று உங்கள் விதி சொல்கிறது. நீக்கவும்." மகனைக் கொண்டு எழுதுவித்திருக்கிறார்.

அதற்குக் கீழே, எங்கள் வீட்டு இலக்கம்: "எதிர்க்கிறேன். பக்கம் இருக்கட்டும். அவர் இறந்துவிட்டார்."

கு.அ.வின் போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

அன்ரியிடம் போய் நின்றேன். போன கிழமை முழுக்க நீக்கு நீக்கு என்று என் உயிரை எடுத்துவிட்டு இப்போது இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று கத்தினேன். அவருடைய நல்ல காதுப் பக்கம் நின்று கத்தினேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் செத்தேன் என்று எழுதியிருந்தது பொய், அதால் நீக்கச் சொன்னேன் என்றார். இப்போது அவள் தேடத் தொடங்கிவிடுவாள், தேடி இவ்வளவு கிட்டக் கண்டுபிடித்தால் என்ன கேட்பாள் என்றார். செத்த தாயிடம் ஒருவரும் ஏன் போனாய் என்று கேட்கிறதில்லையாம்.

நான் சொன்னேன், அவ இத்தனை வருசமா ஒரு விரதம் பிடிக்கிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் இருக்கிறா, உங்களுக்குக் கீரை ஆயத் தெரியுது. சொல்லிவிட்டு என் அறைக்கு வந்து நன்றாக அழுதேன். என் அம்மாவை நினைத்தும் அழுதேன்.

நீ.வே. திறந்தபடி கிடக்கிறது. பொத்தான் என் கையில். கு.அ. நான் சொல்வதற்குத் தலையாட்டுவார். நீக்கினால் ஒருத்தி ஆயுள் முழுக்கத் தேடப் போகிறாள். நீக்காவிட்டால் உயிரோடு இருக்கிற தாய்க்குத் திவசம் செய்யப் போகிறாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. இலை ஆடவில்லை. அன்ரி கோயிலுக்குப் போகவில்லை. மாஸ்ரர் செத்த கிழமையிலும் போன மனுசி.

சுகந்தி அக்கா பத்து மணிபோல போன் எடுத்து, உடுவிலுக்கு வந்துவிட்டேன், எந்த ஒழுங்கை என்று கேட்டார். நேரில் கதைக்க வேண்டுமாம். நான் வேறு இடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழியைச் சொன்னேன். பிறகு அன்ரியின் அறை வாசலில் நின்று, அவ வாறா என்றேன். அவர் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சுகந்தி அக்கா கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு வந்தார். ஹோலில், அன்ரியின் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வேறு கதிரையைக் காட்டினேன், கவனிக்கவில்லை. இந்த வீடு வடிவாயிருக்கு என்றார். பக்கத்தை எதிர்த்து எழுதியது யார் என்று கேட்டார். பெயர் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அது உண்மை.

பிறகு அவர் கேட்டார். "அவைக்கு அம்மாவைப்பற்றி ஏதோ தெரிஞ்சிருக்கு ரீச்சர். நீங்கள் படிச்ச ஆள், நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. வாற சித்திரைப் பறுவத்துக்கு நான் விரதம் பிடிக்கிறதோ, விடுறதோ?"

நான் வாயைத் திறந்தேன்.

தாழ்ப்பாள் கழன்ற சத்தம். நாங்கள் இருவரும் திரும்பினோம். அன்ரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயிலுக்கு உடுக்கிற சீலை. பால்காரனைக்கூட அவர் நீ என்று சொன்னதில்லை.

"நீ பிடியாதை, பிள்ளை" என்றார்.

சுகந்தி அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. நீங்கள் ஆர் என்றும் கேட்கவில்லை. வாழைப்பழச் சீப்பு இன்னும் மடியில்தான் இருந்தது. நான் குசினிக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. இதை எழுதுகிறேன். அவர்கள் ஹோலுக்குள் இருக்கிறார்கள்.